இது தாத்தாவின் முறை

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி ஆகிவிட்டால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை எங்களுக்குச் சொந்தமில்லை. உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகனும் அவனுடைய தமிழ் வகுப்பு நண்பர்கள் நான்கு பேரும் அதைப் பிடித்துக்கொள்வார்கள். மேசை நடுவில் கட்டம் போட்ட பெரிய தாள் ஒன்றை விரிப்பார்கள். அதைச் சுற்றிப் பென்சில்கள், அழிப்பான்கள், முறுக்குத் தட்டு, பல நிறங்களில் பகடைக்காய்கள் ஆகியவை இருக்கும். கைத்தொலைபேசிகள் எல்லாம் அலமாரியின் மேல் ஓய்வெடுக்கும்.

தொடக்கத்தில் எனக்கு இந்த விளையாட்டுப் பிடிபடவில்லை. சமையலறையில் நின்றுகொண்டிருப்பேன். திடீரென்று, "கதவுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிறேன்!" என்று ஒரு குரல் கேட்கும். எட்டிப் பார்த்தால், அந்தப் பிள்ளை நாற்காலியை விட்டு அசையாமல் முறுக்கைக் கடித்துக்கொண்டிருப்பான். கதவும் இருக்காது, ஒளிந்துகொள்ள இடமும் இருக்காது. எல்லாம் அவர்கள் மனத்திற்குள்தான்.

ஒரு நாள் என் மகன் எனக்கு விளக்கினான். இதை மேசைப் பாத்திர விளையாட்டு என்று சொல்லலாம். ஒருவர் கதைநடத்துநராக இருப்பார். அவர் ஓர் இடத்தையும் சூழலையும் வருணிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அந்தச் சூழலில் தங்கள் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்வார்கள். அது நடக்குமா நடக்காதா என்ற ஐயம் எழும்போது பகடை தீர்ப்புச் சொல்லும். அவர்கள் விளையாடும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை விளையாட்டுகளில் முதன்முதலாக அச்சில் வெளிவந்தது. 1974ஆம் ஆண்டில் அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் அதை மூன்று சிறு புத்தகங்கள் கொண்ட ஒரு பெட்டியாக வெளியிட்டார்கள்.

அதற்கும் ஒரு மூதாதை உண்டு. 1824ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரி ஒருவர், போர்ப் பயிற்சிக்காக வரைபடத்தின்மேல் ஆடும் ஒரு விளையாட்டை வெளியிட்டார். அதில் ஒரு சுற்று என்பது உண்மைப் போரில் இரண்டு நிமிடம். இரண்டு நிமிடத்தில் ஒரு படைப்பிரிவு எவ்வளவு தூரம் நடக்க முடியுமோ அவ்வளவுதான் அந்தச் சுற்றில் நகரலாம். நடுவர் ஒருவரும் பகடைகளும் அதில் இருந்தன. எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும் போரை, துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றாகப் பார்க்கும் வழக்கம் அப்படி வளர்ந்தது.

ஏன் நறுக்க வேண்டும்? கதை அமைதியாகப் போகும்போது யார் வேண்டுமானாலும் பேசலாம். ஆனால், சண்டை வந்துவிட்டால் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். குரல் பெரியவன் மூன்று முறை அம்பு விட்டிருப்பான். குரல் சிறியவன் வாளை உறையிலிருந்தே எடுத்திருக்க மாட்டான். இதைத் தடுக்கத்தான் 'இனிஷியேட்டிவ்' என்ற விதி இருக்கிறது. பிள்ளைகள் அதற்கு 'முந்துவரிசை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சண்டை தொடங்கியதும் ஒவ்வொருவரும் இருபது முகங்கள் கொண்ட பகடையை ஒருமுறை உருட்டுவார்கள். விழுந்த எண்ணோடு தங்கள் பாத்திரத்தின் சுறுசுறுப்புக்குரிய எண்ணைக் கூட்டுவார்கள். எதிரிகளுக்காகக் கதைநடத்துநர் உருட்டுவார். பெரிய எண் முதலில். சிறிய எண் கடைசியில். சண்டை முடியும்வரை அந்த வரிசை மாறாது. கடைசி ஆள் முடித்ததும் மீண்டும் முதல் ஆள். ஒரு முழுச் சுற்று, கதையில் ஏறத்தாழ ஆறு விநாடிதான். தன் முறை வரும்போது ஒருவர் குறிப்பிட்ட தூரம் நகரலாம். ஒரு முக்கியச் செயலைச் செய்யலாம். பிறருடைய முறையில் குறுக்கிட வேண்டுமானால், தகுந்த காரணம் நேர்ந்தால் மட்டும், சுற்றுக்கு ஒருமுறை செய்யலாம். அதன் பெயர் 'எதிர்வினை'.

இந்த விதி ஒரே நாளில் வந்ததன்று. 1979ஆம் ஆண்டு விதிநூலில் ஒரு சுற்று ஒரு நிமிடமாக இருந்தது. ஒவ்வோர் அணிக்கும் ஆறு முகப் பகடை ஒன்றை உருட்டினார்கள். 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் பத்து முகப் பகடை வந்தது. அதில் சிறிய எண்ணே முந்தியது. ஒவ்வொருவரும் ஒருமுறை மட்டும் உருட்டி, அதே வரிசையில் சுற்றிச் சுற்றி வரும் முறை 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தது. வேறு சில விளையாட்டுகள் பகடைக்குப் பதிலாகச் சீட்டுக்கட்டைப் பயன்படுத்துகின்றன. இன்னும் சிலவற்றில், மெதுவானவர் தாம் செய்யப் போவதை முதலில் அறிவிக்க வேண்டும். வேகமானவர் அதைக் கேட்டுவிட்டுத் தம் முடிவைச் சொல்வார். வழிகள் வேறு வேறு, கேள்வி ஒன்றுதான். எல்லாரும் பேச விரும்பும்போது, யார் எப்போது பேசுவது?

இந்தக் கேள்வி என் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அதை நான்தான் கவனிக்கவில்லை.

என் அப்பா எங்களுடன்தான் இருக்கிறார். கப்பல் பட்டறையில் மின்பணியாளராகப் பல ஆண்டுகள் வேலை செய்தவர். கதை சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். சென்ற ஆண்டு அவருக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் மெல்ல மெல்லத் தேறின. பேச்சு மட்டும் பழைய நிலைக்கு வரவில்லை. எண்ணம் தெளிவாக இருக்கும். சொல் வருவதற்குத்தான் நேரம் ஆகும். முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு, அடுத்த எழுத்துக்காகக் காத்து நிற்பார்.

"அவருக்கு வேண்டிய சொற்களை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். நேரம் கொடுங்கள்," என்று பேச்சுச் சிகிச்சையாளர் எங்களிடம் சொன்னார். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து, அதற்கு நேர்மாறாகவே நடந்துகொண்டேன். அப்பா "த..." என்றால் தண்ணீரைக் கொண்டு வைப்பேன். "ம..." என்றால் மருந்தைக் கொடுப்பேன். பெரும்பாலும் என் ஊகம் சரியாக இருப்பதாகவே நினைத்தேன். அவரும் மறுக்கவில்லை. அன்பினால்தான் அப்படிச் செய்கிறேன் என்று நம்பினேன். அவசரமும் அதில் பாதி இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். சில மாதங்களில் அப்பா சாப்பாட்டு மேசையில் பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

அப்படி இருக்கையில்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது. நண்பர்களில் ஒருவனுக்குக் காய்ச்சல். அவனுடைய பாத்திரம் ஒரு வாள்வீரன். வாள்வீரன் இல்லாமல் அன்றைய கதை நகராது என்று பிள்ளைகள் கவலைப்பட்டார்கள். அப்பா வழக்கம்போலச் சன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாத்தா, நீங்க வர்றீங்களா?" என்று என் மகன் கேட்டான்.

அப்பா புன்னகைத்தார். மேசைக்கு வந்து, இருபது முகப் பகடையை விரல்களுக்கு நடுவில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தா... தாயக்கட்டை... மாதிரியா?" என்று கேட்டார்.

"அதே மாதிரிதான் தாத்தா. ஆனா, இதுல தாயம் விழுந்தா நல்லதில்ல," என்றாள் வில்லாளியாக ஆடும் பெண். எல்லாரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். அவருக்குத் துணையாக நான் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். பாத்திரத்தின் விவரத்தாளைப் படித்துச் சொல்வது என் வேலை.

கதை இதுதான். பழைய துறைமுகம். இரவு நேரம். ஒரு கிடங்குக்குள் கொள்ளையர் நால்வர். ஊர்மக்களின் நெல் மூட்டைகளை அவர்கள் பதுக்கி வைத்திருக்கிறார்கள். சன்னல் இல்லாத அந்தக் கிடங்கின் நடுத்தூணில் ஒரே ஒரு விளக்குத் தொங்குகிறது. நம் ஆட்கள் உள்ளே நுழைகிறார்கள், கொள்ளையர் பார்த்துவிடுகிறார்கள்.

"முந்துவரிசை! எல்லாரும் உருட்டுங்க," என்றான் என் மகன்.

வில்லாளிக்கு 17 விழுந்தது. சுறுசுறுப்புக்கு 3 சேர்த்து 20. கொள்ளையருக்கு 15. மந்திரவாதிக்கு 12. பூசாரிக்கு 8. அப்பா பகடையை மெதுவாக உருட்டினார். அது மேசை விளிம்புவரை ஓடி, 3 என்று நின்றது. ஒன்றைக் கூட்டினால் 4. அப்பாவுக்குக் கடைசி இடம்.

எனக்கு உள்ளூர வருத்தம். 'இங்கேயும் இவர் கடைசிதானா?' என்று நினைத்தேன்.

முதல் சுற்று தொடங்கியது. வில்லாளியின் அம்பு குறி தவறியது. கொள்ளையர் பூசாரியைக் காயப்படுத்தினர். மந்திரவாதி ஒருவனை வீழ்த்தினான். பூசாரி தன் காயத்தை ஆற்றிக்கொண்டான். பிறகு என் மகன் நிமிர்ந்து, "இது தாத்தாவோட முறை," என்றான்.

அப்பா தாளைப் பார்த்தார். தம்முடைய வீரனைக் குறிக்கும் பொத்தானை எடுத்தார். ஒரு கட்டம், இரண்டு கட்டம் என்று எண்ணி, ஐந்து கட்டங்கள் நகர்த்தினார். ஆறு கட்டம்வரை போகலாம் என்று விவரத்தாளில் இருந்தது. பிறகு வாயைத் திறந்தார்.

"வெ... வெ..."

அவர் கையில் வாள் இருக்கிறது. எதிரில் கொள்ளையர் நிற்கிறார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? "வெட்டுறேன்னு சொல்றாரு," என்றேன் நான்.

அப்பா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பல மாதங்களாக நான் பார்த்துப் பழகிய, 'சரி, அப்படியே இருக்கட்டும்' என்ற களைப்புத்தான் தெரிந்தது. மற்றொரு நாளாக இருந்தால் அவர் அத்தோடு விட்டிருப்பார்.

"அம்மா, இது உங்க முறை இல்ல," என்றான் என் மகன். குரலில் சிறிதும் கடுமை இல்லை. ஒரு விதியை நினைவூட்டும் நடுவரின் குரல் அது. பிறகு சிரித்துக்கொண்டே, "உங்க எதிர்வினைய வேற பயன்படுத்திட்டீங்க. அடுத்த சுற்று வரைக்கும் நீங்க பேச முடியாது," என்றான்.

நான் வாயை மூடிக்கொண்டேன். மேசை அமைதியானது. நான் கவனித்தது அந்த அமைதியைத்தான். பிள்ளைகளில் யாரும் அப்பாவைப் பரிதாபமாகப் பார்க்கவில்லை. யாரும் கடிகாரத்தையும் பார்க்கவில்லை. ஒருவன் பென்சிலைச் சீவினான். வில்லாளி, கிடங்கின் வரைபடத்தைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் அன்றாடம் ஒருவருக்கொருவர் காத்திருப்பதைப் போலவே இவருக்கும் காத்திருந்தார்கள். எத்தனை விநாடி என்று எனக்குத் தெரியாது. எனக்கு அது மிக நீளமாக இருந்தது.

"வெளக்க..." என்றார் அப்பா. மூச்சு வாங்கினார். "வெளக்க... அணைக்கிறேன்."

அப்போதுதான் நான் தாளைப் பார்த்தேன். அவர் தம் பொத்தானை வைத்திருந்தது கொள்ளையருக்குப் பக்கத்தில் அன்று, நடுத்தூணுக்குப் பக்கத்தில்.

ஒரு நொடி யாரும் பேசவில்லை. பிறகு வில்லாளி துள்ளி எழுந்தாள். "ஐயோ, தாத்தா! நான் எல்ஃப்! எனக்கு இருட்டுல கண்ணு தெரியும்!"

அவள் சொன்னது உண்மை. அந்த விளையாட்டில் எல்ஃப் இனத்தவருக்கு இருளிலும் பார்வை உண்டு; மனிதர்களான கொள்ளையருக்கு இல்லை. தன்னைப் பார்க்க முடியாத எதிரியைத் தாக்குபவர் இரண்டு பகடைகளை உருட்டி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். விளையாட்டின் தொடக்கத்தில் என் மகன் பாத்திரங்களை அறிமுகப்படுத்தியபோது இதைச் சொல்லியிருந்தான். நான் அதை மறந்துவிட்டேன். அப்பா மறக்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. வரிசையில் அப்பா கடைசி. கடைசி ஆளுக்குப் பிறகு யார்? சுற்று மீண்டும் தொடங்கும். முதல் ஆளான வில்லாளி வருவாள். அப்பா விளக்கை அணைத்ததற்கும் அவள் அம்பு விடுவதற்கும் நடுவில் கொள்ளையர் எதுவும் செய்ய முடியாது. இன்னொரு விளக்கை ஏற்றவும் முடியாது. வேறு இடத்தில் நின்றிருந்தால் அந்தச் செயலுக்கு இத்தனை பயன் இருந்திருக்காது. நான் வருந்திய அந்தக் கடைசி இடம், முதல் இடத்துக்குப் பக்கத்து இடமாக இருந்தது.

அவள் இரண்டு பகடைகளை உருட்டினாள். ஒன்று 5, மற்றொன்று 18. கொள்ளையர் தலைவன் விழுந்தான். மீதி இருவரும் அவளை நோக்கி இருட்டில் வாளை வீசினார்கள். பார்க்க முடியாதவரைத் தாக்கினால் இரண்டு பகடைகளில் சிறிய எண்ணைத்தான் எடுக்க வேண்டும். இருவருக்கும் குறி தவறியது. மூன்றாம் சுற்றில் அவர்கள் ஆயுதங்களைக் கீழே போட்டார்கள். நெல் மூட்டைகள் ஊருக்குத் திரும்பின.

"எப்படித் தாத்தா யோசிச்சீங்க?" என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

அப்பா மீண்டும் சொற்களைத் தேடினார். மேசை மீண்டும் காத்திருந்தது. "கப்பல்ல... வேலை செய்றப்ப... மொதல்ல... வெளக்கு எங்க இருக்குன்னுதான்... பார்ப்பேன்," என்றார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் பேசி நான் கேட்ட மிக நீளமான வாக்கியம் அதுதான்.

அன்றிரவு எனக்கு எளிதில் உறக்கம் வரவில்லை. பாடங்களைத் தயாரிப்பது என் தொழில். வகுப்பறைகளில் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிப்பதும் அதில் அடங்கும். ஆசிரியர் கேள்வி கேட்பார். உடனே இரண்டு, மூன்று கைகள் உயரும். அவற்றில் ஒன்று பதில் சொல்லும். பாடம் அடுத்த கேள்விக்குப் போய்விடும். மேரி பட் ரோவ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் இதை ஆராய்ந்து, 1974ஆம் ஆண்டில் எழுதினார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்று அவர் கண்டார். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன. பேசாதிருந்தவர்களும் பேசத் தொடங்கினார்கள். இதை நான் பட்டப்படிப்பில் படித்திருக்கிறேன். ஆசிரியர்களுக்கான பயிலரங்குகளில் பேசியும் இருக்கிறேன். என் வீட்டு மேசையில்தான் அதை ஒருநாளும் கடைப்பிடிக்கவில்லை.

வரிசை என்றால் முந்துபவருக்குப் பரிசு என்று நான் நினைத்திருந்தேன். பிள்ளைகளின் விளையாட்டைப் பார்த்தபின் வேறு விதமாகத் தோன்றுகிறது. அங்கே பகடை சொல்வது யார் முதலில் என்பதை மட்டும்தான். யாருக்கு முறை உண்டு, யாருக்கு இல்லை என்பதை அது தீர்மானிப்பதில்லை. முறை எல்லாருக்கும் உண்டு. வேகமானவரும் தம் முறை முடிந்ததும் மற்றவர்களுக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும். மெதுவானவர் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. அவருக்கு நேரம் கொடுப்பது அங்கே இரக்கத்தின்பாற்பட்டதன்று. அது விளையாட்டின் விதி. அப்பாவுக்கு என்னிடமிருந்து வேண்டியிருந்ததும் இரக்கம் அன்று என்று நினைக்கிறேன்.

மறுநாள் இரவு உணவின்போது, நான் அப்பாவின் தட்டில் சப்பாத்தியை வைத்தேன். அவர், "நா..." என்றார்.

நாற்காலியா? நாளிதழா? என் நாக்கின் நுனியில் சொற்கள் வரிசையில் நின்றன. எதிரில் உட்கார்ந்திருந்த என் மகன் என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

"நா... நாளைக்கு," என்றார் அப்பா. "காலையில... காப்பிக்கடைக்கு... நானே... தனியாப் போறேன்."

பக்கவாதத்துக்குப் பிறகு அவரைத் தனியாக எங்கும் அனுப்பியதில்லை. காப்பிக்கடை எங்கள் அடுக்குமாடிக்கு எதிர்ப்புறம்தான். இருந்தாலும் நடுவில் ஒரு சாலை இருக்கிறது. 'வேண்டாம்' என்பதற்கு என்னிடம் ஆறு காரணங்கள் இருந்தன. இந்தச் சொற்களை அவர் எத்தனை நாளாகச் சொல்ல முயன்றாரோ! எத்தனை முறை நான் நாற்காலியையோ நாளிதழையோ கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேனோ!

"சரிப்பா. எத்தன மணிக்கு?" என்று கேட்டேன்.

பிறகு, பதில் வரும்வரை காத்திருந்தேன்.